பசுங்கூரை நம் வீட்டுக்கு ஏற்றதா?

ஒரு தோட்டப்பள்ளி ஆசிரியர்

பிற்பகல் இரண்டு மணிக்குத் தகரக் கூரையின் கீழ் படுத்திருக்கும் பாட்டியைக் கேட்டால், வெயில் என்றால் என்னவென்று அவர் சொல்வார். முன்பு அத்தாப்புக் கூரை வீடுகள் இருந்தன. அவை குளுமையாகத்தான் இருந்தன. ஆனால் ஒழுகின, எளிதில் தீப்பற்றின, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓலை மாற்ற வேண்டியிருந்தது. தகரம் வந்ததும் அந்தத் தொல்லைகள் குறைந்தன. கூடவே சூடும் வந்து சேர்ந்தது. தோட்டத்தை விட்டுத் தாமான்களில் மலிவு விலை வீடு வாங்கிக் குடியேறியவர்களுக்கும் இந்தச் சூடு தீர்ந்தபாடில்லை. பிள்ளைகள் வீட்டுப் பாடம் எழுதுவதும், நோயாளிகள் படுத்திருப்பதும், தாய்மார்கள் அடுப்படியில் நிற்பதும் இந்தக் கூரைகளின் கீழேதான்.

சிங்கப்பூரில் உள்ள உறவினரைப் பார்த்து வந்தவர்கள் அங்கே கண்ட ஒரு காட்சியைச் சொல்வார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பல கார் நிறுத்தக் கட்டடங்களின் உச்சியில் தட்டுத் தட்டாகச் செடிகளை அடுக்கிப் பசுமையாக்கியிருக்கிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2006ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட கலைப்பள்ளிக்கு வளைந்து இறங்கும் புல்தரைதான் கூரை. 2008ல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டின் கூரைப் புல்வெளியில் குடும்பங்கள் பட்டம் விடுகின்றன. இவற்றைப் பார்த்துவிட்டு, "ஆசிரியரே, இதை நம் வீட்டிலும் செய்யலாமா?" என்று கேட்கும் பெற்றோர் பலர். வழக்கமாக எழும் கேள்விகளையும் அவற்றுக்குரிய விடைகளையும் இங்கே தருகிறேன்.

இலேசான பசுங்கூரை என்றால் என்ன?

கூரையின் மேல் மெல்லிய மண்படுகை அமைத்துச் சிறு செடிகளை வளர்ப்பதே பசுங்கூரை. இதில் இரு வகை உண்டு. மரமும் புதரும் நட்டு, மக்கள் உலாவும் பூங்காவாக அமைப்பது ஒரு வகை. அதற்கு மண் ஆழமும் வேண்டும், கட்டடத்துக்குப் பெரும் பலமும் வேண்டும். மற்றொன்று இலேசான வகை. இதில் மண்படுகை ஏறத்தாழ 5 முதல் 15 சென்டிமீட்டர் வரைதான் இருக்கும். தரையோடு படரும் செடிகள் மட்டுமே வளரும். ஆட்கள் நடமாடுவதற்காக அமைப்பதல்ல.

இது முற்றிலும் புதிய எண்ணமும் அன்று. நார்வே போன்ற குளிர்நாடுகளில் மரக் கூரைமேல் பூர்ச்ச மரப்பட்டையைப் பரப்பி, அதன்மேல் புற்கரணைகளை அடுக்கும் வழக்கம் பல நூற்றாண்டுகளாக உண்டு. பட்டை தண்ணீரைத் தடுத்தது. புல் குளிரைத் தடுத்தது. நமக்குத் தடுக்க வேண்டியது வெயில்.

உண்மையிலேயே வீடு குளிருமா?

குளிரும், ஆனால் அந்தக் கூரைக்கு நேர் கீழே உள்ள அறை மட்டுமே. வாசலில் கார் நிற்கும் இடத்தின்மேல் செடி வளர்த்துவிட்டுப் படுக்கையறை குளிர வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

குளிர்ச்சிக்குக் காரணம் இதுதான். இலைகள் வெயிலைத் தாங்கிக் கொள்கின்றன. மண்ணிலும் இலையிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒன்று நாற்பது நிமிடம் இடைவிடாமல் தரும் சூடு அது. அவ்வளவு சூடும் வீட்டுக்குள் இறங்காமல் காற்றோடு போய்விடுகிறது. நண்பகலில் வெறும் தகரம் 60 டிகிரிக்கு மேலும் கொதிக்கும். ஈரமண் அப்படிக் கொதிப்பதில்லை. இரவில் மட்டும் பெரிய அதிசயம் எதிர்பார்க்க வேண்டாம். பகலில் வாங்கிய சூட்டைக் காங்கிரீட்டும் மண்ணும் மெதுவாகத்தான் விடும்.

எடை எவ்வளவு இருக்கும்?

எல்லாக் கேள்விகளிலும் தலையாயது இதுதான். "இலேசானது" என்ற சொல்லைக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. பெரிய தோட்டத்தோடு ஒப்பிட்டால்தான் இது இலேசு.

பிள்ளைகளோடு சேர்ந்து வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு லிட்டர் பிடிக்கும் டின்னை எடுத்து, அதில் தோட்டத்து மண்ணை நிரப்புங்கள். மண் இனிக் குடிக்காது என்னும் வரை தண்ணீர் ஊற்றி, மேலே தேங்குவதை வடித்துவிட்டு நிறுத்துப் பாருங்கள். டின்னின் எடையைக் கழித்தால், பெரும்பாலும் 1.6 கிலோவிலிருந்து 2 கிலோவுக்குள் வரும். காய்ந்த மண்ணின் எடை நமக்குப் பயன்படாது. நம் நாட்டு மழையில் நனைந்த மண்ணின் எடையே கணக்கு.

இனி ஓர் எளிய பெருக்கல். ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு மண் பரப்பினால் அது 10 லிட்டர். ஆகவே டின் மண்ணின் எடையைப் பத்தால் பெருக்கி, மண்ணின் உயரத்தாலும் பெருக்குங்கள். டின் மண் 1.8 கிலோ, உயரம் 10 சென்டிமீட்டர் என்றால், ஒரு சதுர மீட்டருக்கு 180 கிலோ. பின்புற அடுக்களையின் காங்கிரீட் கூரை 3 மீட்டருக்கு 4 மீட்டர் என்று வையுங்கள். 12 சதுர மீட்டருக்கு 2,160 கிலோ ஆகிறது. பத்துக் கிலோ அரிசி மூட்டைகள் 216ஐ உங்கள் தலைக்கு மேல் அடுக்கி வைப்பதற்குச் சமம்!

இதனால்தான் பசுங்கூரைக்குச் சாதாரண மண்ணைப் பயன்படுத்துவதில்லை. நுரைக்கல், பெர்லைட், சுட்டு உப்பவைத்த களிமண் உருண்டை ஆகியவற்றோடு கொஞ்சம் மக்கிய உரமும் தேங்காய் நாரும் கலப்பார்கள். நாரும் உரமும் அதிகமானால் நாளடைவில் மக்கி, படுகை அமுங்கிவிடும். நல்ல கலவை நனைந்த நிலையில் லிட்டருக்கு 1.1 கிலோ என்று கொண்டு, 8 சென்டிமீட்டர் மட்டும் போட்டால், அதே அடுக்களைக் கூரைமேல் 1,056 கிலோ வரும். பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது. ஆனாலும் அது ஒரு டன்னுக்கு மேல், ஒரு சிறிய காரின் எடை. அதுவும் வந்து போகும் எடையல்ல, இரவும் பகலும் அங்கேயே இருக்கும் எடை.

என் வீட்டுக் கூரை தகரம். அதன்மேல் போடலாமா?

வேண்டாம். தகரக் கூரையின் சட்டங்கள் தகரத்தையும் காற்றையும், பழுது பார்க்க ஏறும் ஆளையும் தாங்கவே அமைக்கப்பட்டவை. பழைய லயங்களிலும் மலிவு விலை வீடுகளிலும் உள்ள அஸ்பெஸ்டாஸ் தகடுகளின் பக்கமே போக வேண்டாம். அவை ஆள் மிதித்தாலே உடைந்து விழக் கூடியவை. துளைத்தாலும் தேய்த்தாலும் எழும் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு. ஓட்டுக் கூரையும் இதற்கு ஏற்றதன்று.

அப்படியானால் எஞ்சுவது காங்கிரீட் கூரை மட்டுமே. அதிலும் எச்சரிக்கை வேண்டும். வீடு வாங்கியபின் பின்புறம் இழுத்துக் கட்டிய அடுக்களையில், உள்ளே எத்தனை கம்பி போட்டார்கள் என்று நமக்குத் தெரியாது. கட்டியவர் கண்ணளவில் கட்டியிருக்கலாம். கட்டடப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்து, இத்தனை கிலோ தாங்கும் என்று எழுதிக் கொடுக்கும் வரை ஒரு கூடை மண்ணும் மேலே போகக் கூடாது. அவருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண் செலவல்ல. கூரையின் கீழே நிற்பவர் உங்கள் மனைவியும் மக்களும்.

ஒழுகாதா? வேர் இறங்கித் தளத்தை வெடிக்க வைக்காதா?

முறையாகச் செய்தால் ஒழுகாது. சொல்லப் போனால், நீர்த்தடுப்பு விரிப்பின் ஆயுள் கூடும். ஏனெனில் வெயிலும் சூட்டின் ஏற்ற இறக்கமும் அதை நேரே தாக்குவதில்லை. ஆனால் ஏற்கெனவே ஒழுகும் கூரைமேல் செடி போட்டால், நோயை மூடி மறைப்பதாக முடியும். பிறகு ஒழுக்கு எங்கே என்று தேட எல்லா மண்ணையும் வாரிக் கொட்ட வேண்டி வரும்.

கீழிருந்து மேலாக அடுக்குகளின் வரிசை இது: காங்கிரீட் தளம், நீர்த்தடுப்பு விரிப்பு, வேர் துளைக்காத விரிப்பு, வடிகால் அடுக்கு, மண்ணைப் பிடித்துத் தண்ணீரை மட்டும் விடும் துணி, மண்கலவை, செடி. தளத்தில் ஒரு மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் அளவாவது சரிவு இருந்தால் தண்ணீர் தானே ஓடும். தண்ணீர் வெளியேறும் துவாரம் இரண்டாவது இருக்க வேண்டும். ஒன்று அடைத்தால் மற்றொன்று காப்பாற்றும். துவாரத்தைச் சுற்றியும் ஓரங்களிலும் செடி வைக்காமல் கூழாங்கல் பரப்ப வேண்டும்.

நீர்த்தடுப்பு முடிந்ததும், மண் போடுவதற்கு முன், துவாரங்களை அடைத்து ஓர் அங்குலத் தண்ணீர் நிறுத்தி ஒரு நாள் முழுதும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தத் தண்ணீரும் சதுர மீட்டருக்கு 25 கிலோ ஆகும். எனவே இதற்கும் பொறியாளரின் சம்மதம் வேண்டும். இந்தச் சோதனைக்கு மறுக்கும் குத்தகையாளரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். நீர்த்தடுப்புக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

என்ன செடி வைக்கலாம்? கீரை, காய்கறி வருமா?

வெயிலையும் தாங்கி, பெருமழையையும் தாங்கும் செடியே உகந்தது. நம் வீட்டு வாசல்களில் பூக்கும் பட்டுரோஜா, மழைக்குப் பின் பூக்கும் சிறு மழை அல்லி, மேலே பச்சையும் அடியில் ஊதாவுமாக உள்ள ரோயோ ஆகியவை ஏற்றவை. மெல்லிய படுகையில் கீரை ஓரளவு வரும். ஆனால் அடிக்கடி தண்ணீரும் உரமும் கேட்கும். மரவள்ளி, வாழை, பப்பாளி ஆகியவற்றை மேலே ஏற்றவே கூடாது. குடும்பத்துக்குக் காய்கறி வேண்டுமானால் தரையில் பாத்தி போடுவதே இலாபம்.

பராமரிப்பே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கோயில் கோபுரத்தில் ஆலங்கன்று முளைப்பதை நாம் பார்த்திருக்கிறோம். பறவை எச்சத்தில் வரும் அந்த விதை உங்கள் கூரையிலும் விழும். மாதம் ஒருமுறையாவது முளைகளைப் பிடுங்க வேண்டும். நட்ட முதல் சில வாரங்களிலும், மழை பொய்த்த நாட்களிலும் தண்ணீர் ஊற்ற வேண்டும். விளிம்பில் தடுப்பு இல்லாத கூரையில் பிள்ளைகளையோ வயதானவர்களையோ ஏற விடக் கூடாது.

கொசு, பாம்பு வருமா?

தாய்மார்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. ஈரமண்ணில் ஏடிஸ் கொசு வளர்வதில்லை. தேங்கிய தண்ணீரில்தான் வளர்கிறது. முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை துவாரம், பீலி, தட்டு எல்லாவற்றையும் பார்த்து, இலைகுப்பையை அகற்ற வேண்டும். கொசு வளரும்படி தண்ணீர் தேக்கி வைப்போர்மீது மலேசியாவில் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி நடவடிக்கை எடுக்கலாம் என்பதும் நினைவிருக்கட்டும். பாம்புக்கு வழி பெரும்பாலும் மரக்கிளைதான். கூரையைத் தொடும் கிளைகளை வெட்டிவிடுங்கள்.

யாரிடம் அனுமதி கேட்பது?

சொந்த வீடானால் நகராண்மைக் கழகத்தில் கேட்க வேண்டும். கட்டட மாற்றங்கள் 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்துக்கு உட்பட்டவை. வரிசை வீடானால் உங்கள் தண்ணீர் அடுத்த வீட்டுச் சுவரில் இறங்கக் கூடாது. அடுக்குமாடியில் கூரை எல்லார்க்கும் பொது. நிர்வாகக் குழுவின் சம்மதம் வேண்டும். சிங்கப்பூர் அடுக்குமாடி வீடுகளில் கூரையைப் பராமரிப்பது நகர மன்றம். தோட்ட வீடானால் கூரை நிர்வாகத்துடையது. தொழிலாளர் வீடுகளை நல்ல நிலையில் வைத்திருக்கும் பொறுப்பை 1990ஆம் ஆண்டுச் சட்டம் முதலாளியிடம் கொடுத்திருக்கிறது. ஆகவே கூரை பழுதானால் நாமே கைவைக்காமல் எழுத்து மூலம் நிர்வாகத்துக்குத் தெரிவிப்பதே முறை.

எங்கள் கூரை தாங்காது என்கிறார்கள். வேறு வழி உண்டா?

உண்டு. பெரும்பாலான குடும்பங்களுக்கு அதுவே நல்ல வழி. மேற்குச் சுவரை ஒட்டி, தரையில் தனிக் கால்கள் நட்டு ஒரு பந்தல் போடுங்கள். அவரை, பாகல், புடலை, மார்க்கிசா எதையாவது படர விடுங்கள். மாலை வெயில் சுவரில் விழாது; குழம்புக்குக் காயும் கிடைக்கும்; மண்ணின் எடையை மண்ணே தாங்கும். நல்ல நிலையில் உள்ள தகரக் கூரைக்கு, அது சொந்த வீடாக இருந்தால், தக்க ஆளைக் கொண்டு வெள்ளை வண்ணம் பூசலாம். தகரத்துக்கும் உட்கூரைக்கும் இடையில் வெப்பம் தடுக்கும் அலுமினிய விரிப்புப் போடலாம். சூடான காற்று வெளியேற வழி விடலாம். இவற்றுக்குப் பொறியாளரும் வேண்டாம், டன் கணக்கில் மண்ணும் வேண்டாம்.

பசுமை நல்லது; கூரைமேல் பசுமை மிக நல்லது. ஆனால் பலமான காங்கிரீட்டும், பழுதில்லாத நீர்த்தடுப்பும், மாதாமாதம் ஏறிப் பார்க்கும் ஆளும் உள்ள கட்டடத்துக்கே அது உரியது. பள்ளிக்கூடம், மண்டபம், பெரிய கட்டடம் கட்டத் திட்டமிடுவோர் வரைபடம் போடும்போதே இதைக் கேட்டால், தொடக்கத்திலேயே அதற்கேற்ற பலம் கொடுக்க முடியும். நம் வீட்டுக்குச் செய்ய நினைப்போர், செடி வாங்கக் கடைக்குப் போகுமுன் அந்த ஒரு லிட்டர் டின்னையும் தராசையும் எடுங்கள். பெருக்கி வரும் எண்ணைத் தாளில் எழுதிப் பொறியாளரிடம் காட்டுங்கள். அவர் முடியும் என்றால் தொடங்குங்கள். முடியாது என்றால் பந்தற்கால் நடுங்கள்.