இடம் மாறிய கெரட்டின்

மலேசியாவில், செபராங் ஜெயா அமைந்துள்ள செபராங் பிறை வட்டாரம் ஒரு காலத்தில் கரும்பும் ரப்பரும் விளைந்த தோட்டப்புறம். அங்கே பால்மரம் வெட்டிய நம் பாட்டிமார்கள் பலருக்கு வெற்றிலைதான் துணை. சுண்ணாம்பு தடவி, பாக்கும் புகையிலையும் வைத்து மடித்து, கன்னத்தில் அதக்கிக்கொள்வார்கள். மலேசியாவில் வாய்ப்புற்றுநோய் இந்தியர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுவதற்கு இந்தப் பழக்கமே முக்கியக் காரணம்.

அந்தக் கன்னத்தின் உட்புறத்தில் என்ன நடக்கிறது? இதற்கு விடை தேடும் ஆய்வுகளில் ஒன்று, கெரட்டின் 8 என்ற புரதத்தைப் பற்றியது.

முடியிலும் நகத்திலும் மட்டுமல்ல, உடலின் உறுப்புகளைப் போர்த்தியிருக்கும் எபிதீலியத் திசுவின் செல்களுக்குள்ளும் கெரட்டின் உண்டு. அங்கே அது இரண்டிரண்டாகத் திரித்த கயிறுபோல் ஓடி, செல் கிழியாமல் காக்கிறது. கல்லீரலிலும் குடலிலும் இருப்பது கெரட்டின் 8, 18 என்ற வகைகளின் ஜோடி. தோலின் அடியடுக்கில் 5, 14 ஜோடி.

கெரட்டின் 8 எவ்வளவு முக்கியம் என்பதைக் காட்டியது எலிதான். 1993இல் எலன் பாரிபோ, ராபர்ட் ஓஷிமா குழுவினர் அதற்கான மரபணுவை நீக்கிய எலிகளை உருவாக்கினார்கள். பெரும்பாலான கருக்கள் கல்லீரலில் ரத்தம் கசிந்து, தாயின் வயிற்றிலேயே மடிந்தன. அடுத்த ஆண்டு வேறொரு வகை எலியில் சோதித்தபோது பல குட்டிகள் பிழைத்தன. ஆனால் அவற்றின் பெருங்குடல் உறை அளவுக்கு மீறித் தடித்தது.

இல்லாவிட்டால் கேடு. இருக்கக் கூடாத இடத்தில் இருந்தாலும் கேடுதான். கன்னத்தின் உட்தோலில் கெரட்டின் 8 வழக்கமாக இருப்பதில்லை; வாய்ப்புற்றுக் கட்டிகளில் தலைகாட்டுகிறது. நவி மும்பையிலுள்ள டாட்டா நினைவு மையத்தின் ஆக்ட்ரெக் நிறுவனத்தில் மிலிந்த் வைத்யா குழுவினர், வாய்ப்புற்றுச் செல்களில் இந்தக் கெரட்டினைக் குறைத்து, அவற்றை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். 2011இல் வெளியான முடிவின்படி, அந்தச் செல்களின் கட்டி உண்டாக்கும் திறன் குறைந்தது. புற்றின் அடையாளமாகக் கருதப்பட்ட கெரட்டின், அதன் வளர்ச்சிக்கும் கைகொடுக்கிறது என்பதற்கு இது சான்று.

இந்த அறிவு மருந்தாக மாறக் காலம் பிடிக்கும். ஆனால் வாயைப் பரிசோதிக்க அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. புகையிலை சேர்க்காத வெற்றிலைபாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கை உறுதிசெய்திருக்கிறது. வீட்டில் வெற்றிலை போடும் பெரியவர்கள் இருந்தால், கன்னத்திலோ நாக்கிலோ வெள்ளை, சிவப்புத் திட்டு தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருந்தால், அரசாங்கப் பல் கிளினிக்குக்கு உடனே அழைத்துப் போங்கள்.