நாடியின் ஒடுக்கமும் கணிதத்தின் துணையும்

நோட்டன் பிரிட்ஜை அறிந்த நமக்கு நீரின் அமுக்கத்தைப் பற்றி விரித்துரைத்தல் மிகையாகும். காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீர் குழாய்வழி இறங்கி, 1965ஆம் ஆண்டு முதல் விமலசுரேந்திரா மின்னிலையத்தை இயக்கி வருகின்றது. நீரோடும் குழாய் ஓரிடத்தில் மிக ஒடுங்குமாயின் அதற்கப்பால் அமுக்கம் குன்றும். இருதயத் தசைக்குக் குருதி ஊட்டும் முடியுரு நாடிகளின் இயல்பும் இத்தகையதே.

நாடியின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி சுருங்குங்கால் நெஞ்சுநோவு தோன்றுகின்றது. ஆயினும், படத்திற் பாதி அடைபட்டதாகக் காணும் நாடியெல்லாம் குருதியோட்டத்தைக் கெடுப்பதில்லை. ஆதலின் நிக்கோ பைல்ஸ், பேர்னாட் டி புறூயின் ஆகிய வைத்தியர்கள் 1990களில் ஓர் அளவை முறையை வகுத்தனர். மருந்தினாற் குருதியோட்டத்தைப் பெருக்கி, மென்கம்பியொன்றை நாடியினுட் செலுத்தி, ஒடுக்கத்திற்கு அப்பாலுள்ள அமுக்கத்தைப் பெருநாடியின் அமுக்கத்தால் வகுப்பர். ஈவு 0.80 அல்லது அதனிற் குறைவாயின் தடை பொருட்படுத்தத் தக்கதாகும்.

கம்பியின்றி இவ்வீவை அறிதல் கூடுமோ? கூடுமென ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துச் சார்ல்ஸ் ரெயிலர் முதலானோர் காட்டினர். சீ.ரி. படத்தினின்றும் நாடிகளின் முப்பரிமாண உரு அமைக்கப்படும். அதனூடு குருதி பாயுமாற்றை நேவியர்–ஸ்ரோக்ஸ் சமன்பாடுகளைக் கொண்டு கணினி கணிக்கும். 2014இல் அமெரிக்க அரசு இம்முறைக்கு அனுமதி அளித்தது. 2017இல் இங்கிலாந்தின் நைஸ் நிறுவனமும் இதனைப் பரிந்துரைத்தது. இதனாற் பலர் வேண்டாத கம்பிச் சோதனையினின்றும் தப்புவர். எனினும், சுண்ணம் மிகப் படிந்தவிடத்தும் படம் கலங்கியவிடத்தும் கணிப்புப் பிழைபடலாம்.

மாணவ அன்பர்களே! திடீர் மாரடைப்புக்கு இம்முறை உரியதன்று. நெஞ்சு இறுகி வியர்வை பெருகின், கொழுந்துக் கூடையை நின்றவிடத்தே இறக்கிவைத்து, உடனே வைத்தியசாலை சேரவேண்டும் என்பதை வீட்டாருக்கு உரைத்தல் கற்ற நம் கடனாகும்.