சர்வர் ரூமுக்கு வேர்க்குதா பாஸ்?

உங்க காலேஜில் எப்பவும் பூட்டியே கிடக்கிற ரூம் ஒன்று இருக்கும். கதவுக்கு அந்தப் பக்கம் 'ஙொய்ங்' என்று ஒரு சத்தம் இரவு பகலாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். சர்வர், நெட்வொர்க் ஸ்விட்ச், யு.பி.எஸ்., வரிசையாக பேட்டரி... எல்லாம் உள்ளேதான். கதவைத் திறந்ததும் சூடான காற்று முகத்தில் அறைகிறதா? உங்க ஃபைனல் இயர் பிராஜெக்ட் ரெடி!

சென்சார், ரிலே, எக்ஸாஸ்ட் ஃபேன். சூடு ஏறினால் ஃபேன் ஓடணும், இறங்கினால் நிற்கணும். 'இதைத்தான் எல்லா சீனியரும் பண்ணிட்டாங்களே' என்று உதட்டைப் பிதுக்காதீங்க. சென்சார் பக்கத்தில் சோல்டரிங் அயர்னைக் காட்டி கைதட்டல் வாங்கின போர்டு, மே மாதத்தில் நிஜ ரூமில் தாக்குப்பிடிக்குமா? அங்கேதான் இருக்கு மேட்டர்.

முதலில் கணக்கு. கருவிகள் இழுக்கிற கரன்ட் கிட்டத்தட்ட முழுசும் கடைசியில் சூடாகத்தான் மாறுது. உள்ளே 2 கிலோவாட் ஓடினால், 2 கிலோவாட் ஹீட்டரை ஆன் பண்ணி கதவைச் சாத்தின மாதிரி. இதை வெளியே தள்ள எவ்வளவு காற்று வேணும்? வாட்டை 1.76-ஆல் பெருக்குங்க. வெளிக்காற்றைவிட ரூம் எத்தனை டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்கலாமோ, அதால் வகுங்க. 2,000 வாட், 5 டிகிரி என்றால் நிமிடத்துக்கு சுமார் 704 கன அடி, அதாவது மணிக்கு 1,200 கன மீட்டர். ஃபேன் வாங்கும்போது பார்க்க வேண்டிய நம்பர் இதுதான், இறக்கையின் கலர் இல்லை! காற்று உள்ளே வர எதிர்ச் சுவரில் கீழே ஒரு திறப்பும் வேணும். அது இல்லாவிட்டால் ஃபேன் சும்மா சத்தம்தான் போடும்.

'வெளிக்காற்றைவிட' என்ற வார்த்தையைக் கவனிச்சீங்களா? எக்ஸாஸ்ட் ஃபேன் ஏ.சி. கிடையாது. வெளியே 40 டிகிரி கொளுத்தினால், ஃபேன் மட்டும் இருக்கிற ரூம் 40-க்குக் கீழே இறங்காது. சர்வருக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருக்கணும் என்பது ஆஷ்ரே அமைப்பின் பரிந்துரை. ஆக, நம்ம ஊர் வெயிலில் சர்வருக்கு ஏ.சி.தான் ஹீரோ. ஏ.சி. படுத்துவிட்டால் ரூமைக் காப்பாற்றும் ஆபத்பாந்தவன் ஃபேன். ஏ.சி. ஓடும்போது ஃபேனும் ஓடினால் குளிர்காற்றை வெளியே தள்ளி, அனல்காற்றை உள்ளே இழுக்கும். அதனால் வெளியிலும் ஒரு சென்சார் வையுங்க. வெளியைவிட உள்ளே சூடு அதிகம் என்றால் மட்டும் ஃபேன்.

கூலிங் படுத்தால் என்ன ஆகும்? 2022 ஜூலை 19-ல் பிரிட்டனின் வெப்பம் முதன்முறையாக 40 டிகிரியைத் தாண்டியது. அன்று லண்டனின் கைஸ் அண்ட் செயின்ட் தாமஸ் மருத்துவமனைகளின் டேட்டா சென்டர்கள் படுத்துவிட, டாக்டர்கள் பேப்பரும் பேனாவுமாக வேலை பார்க்க வேண்டியதாயிற்று. கூகுள், ஆரக்கிள் நிறுவனங்களின் லண்டன் மையங்களிலும் அன்று கூலிங் தகராறுதான்.

பேட்டரி ரூம் கதை கொஞ்சம் வேற. லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள், 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய பாதியாகிவிடும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜனும் கசியும். அங்கே 'சூடு இல்லையே' என்று காற்றோட்டத்தை முழுசாக நிறுத்தக் கூடாது.

இனி கோடிங். 32 டிகிரியில் ஆன் என்றால், 29-ல் ஆஃப் பண்ணுங்க. ரெண்டுக்கும் ஒரே நம்பர் கொடுத்தால் ரிலே 'டக் டக்'கென்று அடித்தே உயிரை விடும். சென்சாரைக் கருவிக்குள் காற்று நுழையும் பக்கத்தில் மாட்டுங்க, கதவோரத்தில் வேண்டாம்.

பெரிய வில்லன் பொய் சொல்லும் சென்சார்தான். டி.எஸ்.18பி20 என்ற பிரபல சென்சார், பவர் கொடுத்ததும் அளக்கும் முன்பே படித்தால் 85 டிகிரி என்று கூசாமல் சொல்லும். அதை ஆர்டுயினோவில் படிக்க எல்லோரும் பயன்படுத்தும் லைப்ரரி, ஒயர் அறுந்தால் மைனஸ் 127 என்று தரும். உங்க புரோகிராம் என்ன நினைக்கும்? 'அடேயப்பா, அன்டார்டிகாவைவிடக் குளிருதே' என்று ஃபேனை நிறுத்திவிடும்! எலி ஒரு ஒயரைக் கடித்தால் போதும், ரூம் அவிஞ்சிடும். நம்ப முடியாத நம்பர் வந்தால் ஃபேன் ஓடணும், அலாரமும் அடிக்கணும் என்று எழுதுங்க. ஃபேனை ரிலேயின் நார்மலி குளோஸ்டு முனையில் இணைத்தால், போர்டே செத்தாலும் ஃபேன் ஓடும். ஒரே விதிவிலக்கு, புகை. ஸ்மோக் டிடெக்டர் கத்தினால் ஃபேன் நிற்கணும், இல்லாவிட்டால் தீக்குக் காற்று ஊட்டின கதையாகிவிடும். 230 வோல்ட் பக்கம் மட்டும் எலக்ட்ரீஷியன் அண்ணன் கையில் விட்டுடுங்க.

வைவாவில் எக்ஸ்டர்னல் முன்னால் சென்சார் ஒயரைப் பிடுங்குங்க. ஃபேன் ஓடணும். போர்டின் பவரை எடுங்க. அப்பவும் ஓடணும். அடுத்து அவர், "கரன்ட் போயிட்டா?" என்பார். கரன்ட் போனாலும் சர்வர் யு.பி.எஸ்.ஸில் ஓடிக்கொண்டே சூட்டைக் கக்கும். உங்க ஃபேன் எந்த லைனில் இருக்கு?