உங்கள் வழக்கில் இன்னொருவர் முதல்

“உங்க கையிலிருந்து ஒரு பைசா வேண்டாம். கோர்ட்டு பீஸ், வக்கீல் பீஸ் எல்லாம் நான் பாத்துக்கறேன். ஜெயிச்சா எனக்கு ஒரு பங்கு, தோத்தா என் பணம் போனது போனதுதான்.” நில எடுப்பு நடந்த மாவட்டங்களில் தாலுகா ஆபீஸ் வாசலிலும் டீக்கடையிலும் காதில் விழக்கூடிய பேச்சு இது. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து பண்ருட்டி தாண்டி நெய்வேலிப் பக்கம் போனால், சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு உரிய விலைக்காக ஆண்டுக்கணக்கில் அலைகிற குடும்பங்கள் உண்டு. வழக்குப் போடக் காசில்லாதவருக்கு இந்தப் பேச்சு வரமாகத்தான் கேட்கும்.

இதே ஏற்பாட்டை லண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் பெரிய நிறுவனங்கள் தொழிலாகவே செய்கின்றன. மூன்றாம் தரப்பு வழக்கு நிதி என்று அதற்குப் பெயர். பணம் போடுகிறவர் வாதியும் அல்ல, பிரதிவாதியும் அல்ல, வக்கீலும் அல்ல. வழக்கு ஜெயித்தால் வருகிற தொகையில் பங்கு எடுப்பதே அவர் வேலை. இந்தத் தொழிலைக் கட்டுப்படுத்த வேண்டுமா, எப்படி என்று ஐரோப்பா சில ஆண்டுகளாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறது. அங்கே நடந்ததைக் கடலூர் மாவட்டத்து விவசாயி தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் இந்தியச் சட்டம் இந்தக் கதவை எப்போதோ திறந்துவிட்டது. காவல் மட்டும் போடவில்லை.

முதலில் உள்ளூர் நிலவரம். 1956-ல் தொடங்கிய நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 2016 முதல் என்எல்சி இந்தியா. சுரங்கம் விரிய விரிய ஊர்கள் இடம்பெயர்ந்தன. நிலத்தை எடுத்ததாகக் கணக்கு எழுதுவது ஓர் ஆண்டில் நடக்கும். நிலத்தில் கால் வைப்பது பல ஆண்டு கழித்து நடக்கும். 2023 ஜூலையில் வளையமாதேவியில் அதுதான் ஆனது. முன்பே எடுத்த நிலத்தில் நெற்பயிர் நிற்கும்போதே பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்ட இயந்திரங்கள் இறங்கின. பச்சைப் பயிர் மண்ணோடு புரண்டதைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. விஷயம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கும்படி நீதிமன்றம் சொன்னது.

கோர்ட்டுக்குப் போனால் கிடைக்கிறது என்பது உண்மை. போய்ச் சேர்வதற்குத்தான் பணம் வேண்டும்.

நில எடுப்பு வழக்கில் வெளியார் ஏன் பணம் போட ஆசைப்படுவார் என்பதற்குச் சட்டத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. 2013-ம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி, இழப்பீடு உயர்த்தப்பட்டால் உயர்ந்த தொகைக்கு நிலத்தை வசப்படுத்திய நாளிலிருந்து முதல் ஆண்டுக்கு 9 சதவீதம், அதற்குமேல் 15 சதவீதம் வட்டி தரலாம். பழைய 1894 சட்டத்திலும் இதே விகிதம்தான். வழக்கு இழுக்க இழுக்கத் தொகை ஏறும். கையில் பணம் வைத்துக்கொண்டு காத்திருக்க முடிந்தவருக்கு அது நல்ல முதலீடு. மகள் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுக் காத்திருப்பவருக்கு அப்படியல்ல. ஒரே வழக்கில் உட்கார்ந்திருக்கும் இருவருக்கும் அவசரம் வேறு, பொறுமை வேறு. சிக்கல் எல்லாம் இந்த வித்தியாசத்திலிருந்துதான் பிறக்கிறது.

இப்படிப் பங்கு பேசுவது சட்டப்படி செல்லுமா? செல்லும். இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளாக அது குற்றமாகவே இருந்தது. அடுத்தவர் வழக்கைப் பணம் கொடுத்துத் தூண்டிப் பங்கு கேட்பது நீதியைக் கெடுக்கும் என்று நினைத்தார்கள். 1967-ல்தான் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். ஆனால் அந்தத் தடை இந்தியாவுக்குப் பொருந்தாது என்று, இந்திய மேல்முறையீடுகளை அன்று விசாரித்த லண்டன் பிரிவி கவுன்சில் 1876-லேயே சொல்லிவிட்டது. கல்கத்தாவிலிருந்து போன ராம் கூமர் கூண்டு வழக்கு அது. சொத்துரிமை உள்ளவர் கையில் காசில்லாமல் இருந்தால், நியாயமான பங்குக்கு ஒருவர் செலவு செய்து உதவுவது தப்பில்லை. ஆனால் ஒப்பந்தம் கொள்ளையடிப்பதாக இருந்தாலோ, வழக்கை வைத்துச் சூதாடுவதாக இருந்தாலோ நீதிமன்றம் ஏற்காது என்பது அதன் சாரம். நூற்றைம்பது ஆண்டாக நம் நாட்டுச் சட்டம் இந்த இடத்திலேயே நிற்கிறது.

வக்கீல்களுக்கு மட்டும் இது கூடவே கூடாது. கட்சிக்காரருக்குக் கிடைக்கும் தொகையில் சதவீதம் பேசுவது தொழில் ஒழுங்கு மீறல் என்று 1954-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பார் கவுன்சில் விதியும் அதுதான். 2017-ல் பி. சுனிதா வழக்கில், விபத்து இழப்பீட்டில் சதவீதமாகக் கட்டணம் கேட்டது சட்டவிரோதம் என்று மறுபடியும் அழுத்திச் சொன்னார்கள். 2018 மார்ச்சில் தீர்ப்பு வந்த ஏ.கே. பாலாஜி வழக்கு நம் சென்னையில் முளைத்தது. வெளிநாட்டு வக்கீல் நிறுவனங்கள் இங்கே தொழில் செய்யலாமா என்பதுதான் அதில் கேள்வி. போகிற போக்கில் உச்ச நீதிமன்றம், வக்கீல் அல்லாத மூன்றாம் நபர் வழக்குக்குப் பணம் போட்டு முடிவுக்குப் பின் திரும்பப் பெறத் தடை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை என்று எழுதியது. 1876 தீர்ப்போடு அந்த ஒரு வரியையும் நம்பியே இன்று இந்தியாவில் இந்தத் தொழில் நடக்கிறது.

மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் ஆகியவை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் திருத்தம் செய்து, பணம் போடுகிறவரை வழக்குக்குள் இழுக்க நீதிமன்றத்துக்கு வழி வைத்தன. அந்த நான்கும் கேட்டது எதிர்த்தரப்பின் செலவுக்கு உத்தரவாதம்தான். வாதிக்கு எவ்வளவு மிஞ்ச வேண்டும் என்று யாரும் எழுதவில்லை.

எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டன் போஸ்ட் ஆபீஸ் வழக்கு சாட்சி. ஹொரைசான் என்ற கணினி மென்பொருள் தப்பாகக் கணக்குக் காட்டியதால், கிளை அஞ்சலகம் நடத்தியவர்கள் மீது திருட்டுப் பட்டம் விழுந்தது. சிலர் சிறைக்குப் போனார்கள், பலர் வீட்டை விற்றுப் பணம் கட்டினார்கள். ஆலன் பேட்ஸ் தலைமையில் 555 பேர் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். தெரியம் என்ற நிதி நிறுவனம் செலவை ஏற்றது. அரசுக்குச் சொந்தமான போஸ்ட் ஆபீஸ் பணத்தைத் தண்ணீராய்ச் செலவழித்து வழக்கை இழுத்தது. இழுக்க இழுக்க வாதிகள் தரப்புச் செலவும் ஏறியது. 2019 டிசம்பரில் சமரசம்: 5 கோடியே 77 லட்சம் பவுண்டு. அதில் சுமார் 4 கோடியே 60 லட்சம் வக்கீல் செலவுக்கும் நிதி போட்டவருக்கும் போனது. 555 பேருக்கும் சேர்த்து மிஞ்சியது ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம். சராசரியாக ஆளுக்கு இருபதாயிரம் பவுண்டு தேறியது. இழந்ததில் அது ஒரு மூலைக்குக் காணாது. பின்னால் அரசு தனித்திட்டம் போட்டு இழப்பீடு கொடுக்க வேண்டியதாயிற்று.

இவ்வளவு நடந்தும் ஆலன் பேட்ஸ் நிதி நிறுவனத்தைத் திட்டவில்லை. அந்தப் பணம் இல்லாவிட்டால் வழக்கே நடந்திருக்காது என்று பகிரங்கமாகச் சொன்னார். அவர் சொன்னது சரி என்றே நானும் நினைக்கிறேன். உண்மை வெளியே வந்தது அந்த வழக்கால்தான். வழக்குக்குப் பணம் போடுவதே பாவம் என்று மூடிவிட்டால், போஸ்ட் ஆபீஸ் மாதிரி, சுரங்க நிறுவனம் மாதிரி ஆழமான பை உள்ளவரே எப்போதும் ஜெயிப்பார். பணம் வரட்டும், பங்குக்கு ஒரு வரம்பு வேண்டும்.

வரம்பு போடுவதில் ஐரோப்பா தடுமாறுகிறது. 2022 செப்டம்பரில் ஐரோப்பிய நாடாளுமன்றம் ஒரு தீர்மானம் போட்டது. நிதி போடும் நிறுவனம் உரிமம் வாங்க வேண்டும், வாதியின் நலனைத் தன் நலனுக்கு மேலே வைக்க வேண்டும், கிடைத்த தொகையில் வாதிக்குக் குறைந்தது 60 சதவீதம் போய்ச் சேர வேண்டும் என்று கேட்டது. ஐரோப்பிய ஆணையம் 2025 மார்ச்சில் நாடு வாரியாக ஆய்வு ஒன்றை வெளியிட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள், இப்போதைக்குப் புதுச் சட்டம் இல்லை என்று கைவிரித்தது. இருக்கிற பாதுகாப்பு, நுகர்வோர் கூட்டு வழக்குகளுக்கான 2020-ம் ஆண்டு உத்தரவு மட்டும்தான். நிதி போடுகிறவர் வழக்கின் போக்கைத் திருப்பக் கூடாது, எதிர்த்தரப்பின் தொழில் போட்டியாளர் பணம் போடக் கூடாது என்று அது சொல்கிறது. மற்றதெல்லாம் நாட்டுக்கு நாடு வேறு. ஜெர்மனி 2023-ல் கூட்டு வழக்குகளில் நிதி போடுகிறவர் பங்கு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இறுக்கிப் பிடித்தது. அவ்வளவு குறைந்த பங்குக்கு யார் வருவார் என்ற கேள்வி அங்கே எழுந்துள்ளது. அயர்லாந்தில் சர்வதேச நடுவர் விசாரணை தவிர மற்ற வழக்குகளில் இன்னும் தடைதான்.

பிரிட்டனில் 2023 ஜூலையில் பக்கார் வழக்குத் தீர்ப்பு வந்தது. லாரி உற்பத்தியாளர்கள் விலையைக் கூடிப்பேசி வைத்தார்கள் என்று லாரி உரிமையாளர்கள் தொடுத்த வழக்கிலிருந்து கிளம்பிய விவகாரம் அது. இழப்பீட்டில் சதவீதமாகப் பங்கு கேட்கும் நிதி ஒப்பந்தங்கள் பெரும்பாலும் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உடனே நிறுவனங்கள் சதவீதத்தை விட்டு, போட்ட பணத்துக்கு இத்தனை மடங்கு என்று எழுதத் தொடங்கின. அந்தத் தீர்ப்பைச் சட்டம் கொண்டுவந்து மாற்றுவதாக 2025 டிசம்பரில் பிரிட்டன் அரசு அறிவித்தது.

இந்த மடங்குக் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு விவசாயியின் வழக்குக்கு ஒருவர் 2 லட்சம் செலவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போட்டது முதலில் திரும்ப வர வேண்டும், அதன்மேல் மூன்று மடங்கு என்பது பேச்சு. ஆக முதல் 8 லட்சம் அவருக்கு. தீர்ப்பில் 20 லட்சம் வந்தால் விவசாயிக்கு 12 லட்சம் மிஞ்சும், சந்தோஷம். 9 லட்சம்தான் வந்தது என்றால்? அவருக்கு 8, விவசாயிக்கு 1. ஐரோப்பிய நாடாளுமன்றம் கேட்ட 60 சதவீத விதி இருந்தால் இதே 9 லட்சத்தில் விவசாயிக்கு 5 லட்சத்து 40 ஆயிரம் வந்திருக்கும். கிளை அஞ்சலகம் நடத்தியவர்களுக்கு நேர்ந்ததும், பணம் போட்டவர் முதலில் எடுத்துக்கொள்ளும் இந்த வரிசைச் சிக்கல்தான்.

லாபம் எதிர்பாராமல் பணம் போடும் வழியும் உண்டு. அதற்கு நல்ல உதாரணம் ஜெர்மனியின் பழுப்பு நிலக்கரி நிறுவனம் ஆர்டபிள்யூஇ மீதான வழக்கு. பெரு நாட்டு விவசாயி சவுல் லூசியானோ இயுயா, பனிமலை உருகி ஏரி தன் ஊர்மேல் உடைந்து விழும் ஆபத்துக்கு அந்த நிறுவனத்தின் புகையும் காரணம் என்று 2015-ல் வழக்குப் போட்டார். செலவை ஓர் அறக்கட்டளை ஏற்றது. பங்கு எதுவும் கேட்கவில்லை. 2025 மே மாதம் ஹாம் உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தாலும், இப்படிப்பட்ட சேதத்துக்குப் பெரும் நிறுவனங்கள் கொள்கையளவில் பொறுப்பாகலாம் என்று எழுதி வைத்தது.

நம் ஊரில் அரசே அந்த அறக்கட்டளையின் இடத்தில் இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. 1987-ம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர், மாற்றுத்திறனாளிகள், வருமான வரம்புக்குள் வருகிறவர்கள் ஆகியோருக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டும். நிலம் அம்மா பெயரிலோ மனைவி பெயரிலோ இருந்தால் வருமானம் பார்க்க மாட்டார்கள். இன்னொன்று: பக்கத்து வயல்காரர் வழக்கில் ஜெயித்து விலை உயர்ந்தால், அதே அறிவிக்கையில் நிலம் இழந்து வழக்கே போடாதவரும், தீர்ப்பு வந்த மூன்று மாதத்துக்குள் கலெக்டரிடம் எழுதிக் கொடுத்து அதே விலையைக் கேட்கலாம். 2013 சட்டத்தில் 73-ம் பிரிவு, பழைய சட்டத்தில் 28-ஏ. இதற்கு யாருக்கும் பங்கு தரத் தேவையில்லை.

தமிழ்நாடு அரசு செய்ய வேண்டியது அதிகமில்லை. நிதி போடுகிறவர் பெயர் நீதிமன்றத்துக்குத் தெரிய வேண்டும், வாதிக்கு இவ்வளவுக்குக் குறையாமல் மிஞ்ச வேண்டும், சமரசத்துக்குச் சம்மதம் சொல்லும் உரிமை வாதியிடமே இருக்க வேண்டும் என்று மூன்று விதி எழுதினால் போதும். மற்ற மாநிலங்கள் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தியபோது இதற்கும் வழி இருக்கிறது என்று காட்டிவிட்டன.

அதுவரை, யாராவது செலவை ஏற்கிறேன் என்று வந்தால் விரட்ட வேண்டாம். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். இழப்பீட்டுப் பணத்தை வாங்கும் அதிகாரத்தைப் பவர் பத்திரத்தில் எழுதிக் கொடுக்காதீர்கள்; பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கே வரட்டும். ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதி வாங்குங்கள். குறைந்த தொகை வந்தால் எனக்கு எவ்வளவு என்று கேட்டு, அந்த எண்ணையும் அதில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், கையெழுத்துக்கு முன் கடலூர் மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்குப் போய் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் அந்தத் தாளைக் காட்டுங்கள்.