அடுப்பேறாத கோப்பி

கோப்பி என்றதும் அடுப்பும் கேத்திலும் கொதிநீரின் ஆவியும் நினைவுக்கு வருதல் இயல்பு. விடியற்காலையில் நீர் கொதிக்கும் ஓசையும், அதனைத் தொடர்ந்து வீடெங்கும் பரவும் மணமும் நம் நாட்டு இல்லங்களுக்குப் புதியவை அல்ல. கொதிநீர் இன்றேல் கோப்பியும் இல்லை என்பதே பலரது எண்ணம். ஆயினும், கொட்டையை வறுத்த பின்னர் நெருப்பின் உதவியை நாடாது, குளிர்ந்த நீரிற் பல மணிநேரம் ஊறவைத்தே கோப்பியை வடித்தெடுக்கும் முறையொன்று உண்டு. வெப்பம் மிகுந்த நாட்களில் அருந்துதற்கு இனிய அப்பானம் எங்ஙனம் உண்டாகிறது, அதனை வீட்டிலுள்ள எளிய பாத்திரமொன்றிற் செய்வது எப்படி, செய்யுங்கால் எவற்றிற் கவனமாயிருத்தல் வேண்டும் என்பன அறியத்தக்கவை.

இம்முறை முற்றிலும் புதியதன்று. யப்பான் நாட்டின் கியோத்தோ நகரக் கோப்பிச்சாலைகளில், உயர்ந்த கண்ணாடிக் குழாய்களின் வழியே குளிர்நீரைத் துளித்துளியாகக் கோப்பித்தூளின் மீது விழச்செய்து சாற்றை எடுப்பர். அமெரிக்காவில் இரசாயனப் பொறியியல் கற்ற ரொட் சிம்சன் என்பவர், 1964ஆம் ஆண்டில், தூளை நீரில் ஊறவைத்து அடியிலே வடிகட்டி எடுக்கும் வீட்டுக் கருவியொன்றை ஆக்கினார். இக்கருவிகள் யாவும் இருந்தால் நன்று, இல்லாவிடினும் குறையில்லை. வாய் அகன்ற ஒரு பாத்திரமும், அதற்கு மூடியும், சுத்தமான ஒரு துணியும் இருந்தாற் போதும்.

கோப்பித்தூள் நீரில் ஊறும்போது நிகழ்வது யாது? வறுத்து அரைத்த கோப்பியின் நிறையில் நூற்றுக்கு ஏறக்குறைய 30 பங்கே நீரிற் கரையக்கூடியது. எஞ்சியது மரத்தூள் போன்ற சக்கை. கரையும் பொருள்களுள் அமிலங்கள், கசப்புப் பொருள்கள், மணப்பொருள்கள், உடலுக்கு விழிப்பூட்டும் கஃபீன் ஆகியன அடங்கும். இவற்றைக் கரைத்தெடுக்கும் ஆற்றல் குளிர்ந்த நீருக்கு இல்லை என்று கருதுவது தவறு. கஃபீனையே எடுத்துக்கொள்வோம். 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையிலுள்ள 100 மில்லிலீற்றர் நீர் ஏறத்தாழ 2 கிராம் கஃபீனைக் கரைக்கவல்லது. அராபிக்கா இனக் கோப்பி 100 கிராமில் இருப்பதோ ஏறத்தாழ 1.2 கிராம் மாத்திரமே. ஆகவே, அதனை முழுவதும் ஏற்றுக்கொள்ளக் குளிர்நீரில் இடம் தாராளமாக உண்டு. குறைவாயிருப்பது வேகமே.

அதற்குக் காரணம் எளியது. நீர் முதலில் ஒவ்வொரு துணிக்கையின் உள்ளேயும் ஊடுருவிச் செல்லவேண்டும். அங்கே கரைந்த பொருள்கள் பின்னர் மெல்ல வெளியே பரவவேண்டும். வெப்பம் மூலக்கூறுகளின் ஓட்டத்தை விரைவுபடுத்துவதால், கொதிநீர் சில நிமிடங்களிலே முடிக்கும் வேலையைக் குளிர்நீர் பல மணிநேரத்தில் முடிக்கிறது. அமெரிக்க ஆராய்ச்சியாளராகிய மேகன் புல்லர், நினி ராவ் ஆகிய இருவரும் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, அறை வெப்பநிலையில் ஊறும் கோப்பியில் ஏறத்தாழ 400 நிமிடங்களின் பின்னர் கஃபீனின் அளவு மேலும் குறிப்பிடத்தக்கவாறு உயரவில்லை. ஒருநாள் முழுவதும், இருநாள் முழுவதும் ஊறவைத்தால் கோப்பி மேலும் மேலும் வலிமை பெறும் என்னும் நம்பிக்கைக்கு இதனால் ஆதாரமில்லை. அந்தியில் ஊறவைத்தது விடியலில் தன் வேலையை முடித்துவிடுகிறது.

எனினும், குளிர்நீர்க் கோப்பி என்பது கொதிநீர்க் கோப்பியை ஆறவைத்ததன்று. கொதிநீர் எல்லாப் பொருள்களையும் ஒருங்கே இழுத்து வருகிறது. நாவைத் துவர்க்கச் செய்வனவும் கசப்பனவும் அவற்றோடு சேர்ந்து வருகின்றன. மணப்பொருள்களில் ஒரு பகுதி ஆவியோடு பறந்துபோகிறது. வீடெங்கும் கமழும் மணம் கோப்பையை விட்டுப் பிரிந்த மணம் அன்றோ! குளிர்நீரில் அப்பொருள்களுட் சில குறைவாகவே வெளிப்படுகின்றன. அதனால் அக்கோப்பி கசப்புக் குறைந்து, மென்மையாய், சிறிதே இனிப்புடையது போலச் சுவைக்கிறது. ஆனால், சூடான கோப்பியின் கூர்மையான சுவையை விரும்புவோர்க்கு இது சப்பென்று தோன்றுதலும் கூடும்.

இனிச் செய்முறையைக் காண்போம். முதலிலே கோப்பித்தூள். கடைகளில் விற்கப்படும் தூளும், உரலில் இடித்து அரித்தெடுத்த தூளும் மா போல நுண்ணியன. அவை நீரிற் சேறுபோலப் படிந்து துணியின் துளைகளை அடைத்துவிடும். வடித்த பின்னும் கோப்பி கலங்கியே நிற்கும். இதற்கு வேண்டுவது தடித்த ரவை போன்ற பருந்தூள். கோப்பிக்கொட்டையை வீட்டிலே வறுத்து இடிப்போர் அரிப்பில் மேலே தங்கும் குறுணலையே இதற்குப் பயன்படுத்தலாம். கண்டி, மாத்தளை, பதுளை முதலிய மாவட்டங்களின் வீட்டுத்தோட்டங்களிலே கோப்பிச்செடிகள் இன்றும் நிற்கின்றன. 1869ஆம் ஆண்டில் இலங்கையிற் காணப்பட்ட இலைத்துரு நோயினாற் பெருந்தோட்டக் கோப்பி அழிந்து, அவ்விடத்தைத் தேயிலை கைப்பற்றிக்கொண்டதாயினும், கோப்பிச்செடி இந்நாட்டை விட்டு முற்றாக நீங்கிவிடவில்லை. மல்லியும் சுக்கும் கலந்த தூளை இம்முறைக்குத் தவிர்த்தல் நன்று. அவற்றின் சாரம் இறங்குதற்குக் கொதிநீரே ஏற்றது.

அடுத்துப் பாத்திரம். கண்ணாடிப் போத்தல், பீங்கான் சாடி, துருப்பிடியா உருக்குப் பாத்திரம் ஆகிய மூன்றும் ஏற்றவை. ஊறுகாய் இருந்த சாடியாயின் அதன் வாசனை எளிதிற் போகாது. கோப்பி அதனைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளும். கோப்பி அமிலத்தன்மை உடையதாதலின் அலுமினியப் பாத்திரத்திலும், ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்திலும் பல மணிநேரம் வைத்தலாகாது. மண்முட்டி தண்ணீரைக் குளிரச்செய்யும் என்பது உண்மை. அதன் நுண்துளைகளின் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வதே அதற்குக் காரணம். ஆனால், அந்நுண்துளைகளிலேயே கோப்பியின் எண்ணெயும் தங்கிப் பின்னர் நாறும். அவற்றைத் தேய்த்துக் கழுவி அகற்றுவதும் அரிது. ஆதலின் முட்டியிலே தண்ணீரைக் குளிரவைத்து, அத்தண்ணீரைச் சாடியில் ஊற்றுவதே தகும்.

அளவு வருமாறு: 100 கிராம் பருந்தூளுக்கு 800 மில்லிலீற்றர் நீர். தூளைப் பாத்திரத்தில் இட்டு, முதலிற் சிறிதளவு நீரை ஊற்றி, தூள் முழுவதும் நனையும்படி கரண்டியாற் கிளறவேண்டும். உலர்ந்த தூள் நீரின் மேலே மிதந்து நனையாது நிற்பதுண்டு. அதனை அப்படியே விட்டால் மறுநாளும் அது பாதி உலர்ந்தே இருக்கும். பின்னர் எஞ்சிய நீரையும் ஊற்றி, மூடி வைக்கவேண்டும். குளிர்சாதனப் பெட்டி உள்ள வீட்டார் அதனுள்ளே 16 முதல் 18 மணிநேரம் வரை வைக்கலாம். குளிர்ந்த இடத்தில் வேகம் மேலும் குறைவதே காலம் கூடுதற்குக் காரணம். பெட்டி இல்லாத வீட்டார் சிறிய அளவிற் செய்து, இரவில் 7 அல்லது 8 மணிநேரத்துக்கு மேற்படாமல் ஊறவைத்து, காலையில் உடனே வடித்து அருந்திவிடவேண்டும்.

வடிக்கும்போது அவசரம் கூடாது. கொதிநீரில் இட்டு எடுத்த பருத்தித் துணியை இரண்டாக மடித்து வடியின் மேல் விரித்து, மேலே தெளிந்து நிற்கும் சாற்றை முதலில் ஊற்றி, இறுதியிற் சக்கையைச் சேர்க்கவேண்டும். துணியை முறுக்கிப் பிழிந்தால் நுண்தூளும் துவர்ப்பும் சாற்றில் இறங்கும். தன் நிறையைப் போல ஏறத்தாழ இருமடங்கு நீரைச் சக்கை தன்னிடமே வைத்துக்கொள்வதால், ஊற்றிய 800 மில்லிலீற்றரில் 600 மில்லிலீற்றரளவே கைக்கு வரும். இதனைக் கண்டு வியப்படைய வேண்டியதில்லை. எஞ்சிய சக்கை தோட்டத்துப் பசளைக் குழிக்கு உதவும்.

இம்முறையில் மிகுந்த கவனத்துக்குரியது சுத்தம். அடுப்பில் வைக்கும் கோப்பியிலே கொதிநீர் இரண்டு வேலைகளைச் செய்கிறது. சாரத்தை இறக்குவது ஒன்று. நீரிலும் தூளிலும் பாத்திரத்திலும் உள்ள நுண்ணங்கிகளில் பெரும்பாலானவற்றைக் கொல்வது மற்றொன்று. குளிர்நீரில் ஊறவைக்கும்போது முதல் வேலையைக் காலம் செய்துவிடுகிறது. இரண்டாவது வேலையைச் செய்வாரில்லை. அன்றியும் நுண்ணங்கிகள் பெருகுதற்கு வேண்டிய நேரத்தையும் அந்தக் காலமே அளிக்கிறது. கோப்பியின் அமிலம் அவற்றைத் தடுக்கும் என்று நம்பியிருத்தல் ஆபத்து. அதன் பீஎச் அளவு ஏறத்தாழ 5 ஆகும். பொற்றுலினம் என்னும் கொடிய நஞ்சை உண்டாக்கும் பற்றீரியாவைத் தடுப்பதற்கு அவ்வளவு 4.6 அல்லது அதனிலும் கீழே இருத்தல் வேண்டும். அப்பற்றீரியா காற்றில்லாத இடத்திலேயே வளர்வது. ஆகவே, வடித்த கோப்பியைப் போத்தலில் நிரப்பி, இறுக அடைத்து, அலுமாரியில் நாட்கணக்காக வைப்பது ஒருபோதும் கூடாது.

இதற்கான பாதுகாப்பு எவருக்கும் இயலக்கூடியதே. நீரைக் கொதிக்கவைத்து மூடி ஆறவிட்டு, அதன் பின்னரே தூளில் ஊற்றுதல் வேண்டும். பாத்திரம், மூடி, கரண்டி, துணி ஆகிய அனைத்தையும் கொதிநீரிற் கழுவுதல் வேண்டும். வடித்த கோப்பியை 5 பாகைக்கு மேற்படாத குளிரில் வைத்து மூன்று நாட்களுக்குள் அருந்தி முடித்தல் நன்று. பாலைப் பருகும் வேளையிலே கலக்கவேண்டும், கலந்து வைத்தலாகாது. நெருப்பே வேண்டாத முறை என்று புகழப்பட்டதில் நீரைக் காய்ச்சுதற்கு நெருப்பு வந்துவிட்டதே என்று சிலர் நகைக்கலாம். தூளை நெருப்பிலிருந்து காப்பதே இம்முறையின் நோக்கம். அருந்துவோரைக் காக்கும் நெருப்பை விலக்குவதன்று.

இப்பானத்தைப் பற்றி வழங்கும் இரு கருத்துக்களை ஆராய்தல் தகும். குளிர்நீர்க் கோப்பியில் அமிலம் இல்லை, வயிற்றெரிவு உள்ளோர் தாராளமாக அருந்தலாம் என்பது ஒன்று. முற்கூறிய ஆராய்ச்சியாளர் இருவரும் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், இருவகைக் கோப்பிகளின் பீஎச் அளவும் 4.85க்கும் 5.13க்கும் இடையிலேயே இருக்கக் கண்டனர். கொதிநீர்க் கோப்பியில் மொத்த அமிலப்பொருள் சற்றுக் கூடுதலாய் இருந்தது மெய்யே; ஆயின் குளிர்நீர்க் கோப்பி அமிலமற்றது என்று சொல்ல அது போதாது. நாவுக்கு மென்மையாயிருப்பது வயிற்றுக்கும் மென்மையாயிருக்கும் என்று கொள்ளுதற்கில்லை. கோப்பியால் வயிற்றெரிவு காண்போர் இதனையும் அளவறிந்தே பருகவேண்டும்.

மென்மையான கோப்பி வலிமை குறைந்தது என்பது மற்றைய கருத்து. இதனைச் சிறு கணக்கொன்றாற் சோதிக்கலாம். 100 கிராம் அராபிக்காத் தூளிலுள்ள 1,200 மில்லிகிராம் கஃபீன் முழுவதும் 800 மில்லிலீற்றர் நீரில் இறங்கிற்று என்று கொண்டால், 150 மில்லிலீற்றர் கோப்பை ஒன்றில் 225 மில்லிகிராம் இருக்கும். உண்மையில் அதனிற் சிறிது குறையலாம். ரொபஸ்ரா இனமாயின் ஏறக்குறைய இருமடங்காதலுங் கூடும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2015ஆம் ஆண்டில் வகுத்த அளவு, உடல்நலமுள்ள வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம். கருவுற்ற தாய்மார்க்கு 200 மில்லிகிராம். ஆகவே, கலப்பில்லாத இச்சாற்றில் ஒரு கோப்பையே கருவுற்றவர்க்கு மிகையாகும். இரண்டு கோப்பைகள் எவர்க்கும் மிகையாகும். கசப்பில்லாமையால் நா எச்சரிக்கை செய்யாது. அதனால் சாற்றோடு அதேயளவு நீரேனும் பாலேனும் கலந்து அருந்துவதை வழக்கமாக்கிக்கொள்ளல் வேண்டும். குழந்தைகளுக்கு இது ஏற்றதன்று.

இனிப்பை விரும்புவோர் சீனியை நேரே இட்டால் அது கோப்பையின் அடியிலே தங்கிவிடும். குளிர்ந்த கோப்பியிற் சீனி கரையாதென்பதன்று, மெல்லவே கரையும். கோப்பித்தூளிடம் கண்ட அதே இயல்பு இங்கும் காணப்படுகிறது. சீனியைச் சம அளவு நீரில் இட்டுக் காய்ச்சிப் பாகாக்கி வைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை. சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியைப் பாகாக்கிச் சேர்ப்பின் அதன் மணம் கோப்பியின் மணத்தோடு நன்கு இயையும். ஐஸ் கட்டி இடுவோர், அது கரைந்து சேர்க்கும் நீரையும் கணக்கிற் கொண்டு, முன்னரே கலக்கும் நீரைக் குறைத்துக்கொள்ளவேண்டும். அந்த ஐஸும் கொதித்தாறிய நீரில் உறைந்ததாயிருத்தல் வேண்டும்.

முதன்முறை செய்வோர் 25 கிராம் தூளும் 200 மில்லிலீற்றர் நீரும் கொண்டு தொடங்கலாம். கைக்கு வரும் 150 மில்லிலீற்றர் சாறு, நீர் கலந்தபின் இருவர்க்குப் போதும். சுவை மெலிந்திருப்பின் அடுத்த முறை தூளைச் சிறிது கூட்டலாம். துவர்த்தால் தூளை இன்னும் பருமனாக இடித்துக்கொள்ளலாம். கூட்டுவதும் குறைப்பதும் அவரவர் நாவின் விருப்பம். கொதித்தாறிய நீரையும், கழுவிய பாத்திரத்தையும், குறித்த காலத்துக்குள் அருந்தி முடிப்பதையும் மாத்திரம் எவரும் மாற்றலாகாது.