குளவேலை ஒப்பந்தமும் கமக்காரர் அமைப்பும்

வன்னியிற் காலபோகத்தின் பயன் குளக்கட்டின் உறுதியைப் பொறுத்தது. கட்டு உடைந்தால் முதலில் அழிவது அதன் கீழுள்ள வயலே. ஆதலால் அக்கட்டைத் திருத்தும் வேலையை அவ்வயலுக்குரியோரே ஏற்றுச் செய்வது நன்று. அதற்கு வழியும் உண்டு.

200 ஏக்கருக்கு மேற்படாத வயல்களுக்கு நீர் பாய்ச்சும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளன. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்ப் பதிவுபெற்ற கமக்காரர் அமைப்புகளுக்கு இக்குளங்களின் சிறு திருத்த வேலைகளை ஒப்படைக்க அரசாங்கக் கொள்வனவு விதிகள் இடமளிக்கின்றன. தொகையின் எல்லை காலத்துக்குக் காலம் மாறும். அதனைக் கமநல சேவை நிலையத்திற் கேட்டறிக.

1. ஆயத்தம்: பதிவு, வங்கிக் கணக்கு, கூட்டக் குறிப்பு, வரவு செலவுப் புத்தகம் ஆகியவை ஒழுங்காக இருத்தல் வேண்டும். வேலையை ஏற்பதெனப் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றுக.

2. அளவு: விலை கூறுமுன் கட்டை நடந்து அளந்து பார்க்க வேண்டும். 100 அடி நீளம், 5 அடி அகலம், 3 அடி உயரம் உள்ள பள்ளத்தை நிரப்ப 1,500 கன அடி, அதாவது 15 கியூப் மண் வேண்டும். ஆனால் இடித்து இறுக்கும்போது மண் ஒடுங்கும். ஆதலால் ஏறத்தாழ 19 கியூப் மண் ஏற்ற நேரிடும். இதனை எண்ணாது விலை கூறுவோர் நட்டமடைவர். அல்லது இறுக்காமல் விடுவர்.

3. பணம்: வேலை அளக்கப்பட்ட பின்னரே பணம் கிடைக்கும். அதுவரை கூலிக்கும் உழவு இயந்திர வாடகைக்கும் கைமுதல் உண்டா என்று முன்னரே கணக்கிடுக. பற்றுச்சீட்டுகளையும் கூலிப் பதிவையும் பேணுக.

4. வேலை: வேர்களையும் கறையான் புற்றுகளையும் அகழ்ந்தெடுத்து, மண்ணை 6 அங்குலப் படைகளாகப் பரப்பி, நீர் தெளித்து இடிக்க வேண்டும். கட்டின் அடியில் மண் வெட்டலாகாது. அத்திவாரத்தையும் துருசின் அடிப்பகுதியையும் மூடுமுன் தொழினுட்ப உத்தியோகத்தரைக் கொண்டு அளப்பிக்க. ஐப்பசி மழைக்கு முன்னரே புல்லும் பதித்து முடித்தல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. யான் அறிந்த ஓர் ஊரில் அமைப்பினர் சிறு தரகுப் பணம் பெற்று, வெளியார் ஒருவருக்குத் தம் பெயரைக் கொடுத்தனர். அவர் மண்ணைக் கொட்டிச் சமப்படுத்திப் போனார், இடிக்கவில்லை. மார்கழி வெள்ளத்திற் கட்டு அறுந்தது; குடலைப் பருவத்து நெல் மணலுள் மூழ்கியது. விளக்கம் கேட்கப்பட்டபோது பத்திரத்தில் இருந்த ஒப்பங்கள் அவ்வூராருடையவையே.

கமக்காரரே! ஒப்பந்தத்தை உங்கள் பெயரிற் பெற்றால், வேலையையும் உங்கள் கையாற் செய்யுங்கள்.