பின்சில்லுப் பிறேக்

1820களில் கப்டன் டோசன் அமைத்த கடுகண்ணாவைக் கணவாய்ப் பாதையில், கண்டியிலிருந்து மாவனல்லையை நோக்கி ஒரு விரைவுக் கார் இறங்குகின்றது. பிறேக்கை மிதித்ததும் பாரம் முன்சில்லுகளின் மேற் சாய்கின்றது. பின்சில்லுகள் நிலத்தை இலேசாகவே பற்றுகின்றன. அப்பொழுது பின்பிறேக்கு மட்டும் மிக வலிதாயிருப்பின், பின்சில்லுகள் முதலில் இறுகிச் சறுக்க, வண்டி வளைவிலே சுழன்றுவிடும். ஆகவே டிரம் பிறேக்கை நீக்கி டிஸ்க் பிறேக் பூட்டுவோர் தேடவேண்டியது வலுவையன்று, சூடு தணிதலையே. நெடிய இறக்கத்தில் டிரம் சூடேறித் தளரும். காற்றுப்படும் டிஸ்க் விரைவில் ஆறும். 1953இல் லெ மான் ஓட்டத்தில் ஜாகுவார் இதனாலும் வென்றது. பின்புற அழுத்தத்தை மட்டுப்படுத்தும் வால்வும் புதிய பிறேக்குக்கு இசைவாயிருத்தல் வேண்டும். எண்ணெயை மாற்றுவதைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஈரமேறிய பழைய எண்ணெய் சூட்டிற் கொதித்தால் மிதி வெறுமையாய்க் கீழிறங்கும்.